கெதோஷீம் பராஷா: வயலோரச் சட்டத்தை நாற்பது நிமிடத்தில் எப்படி எடுப்பது?

அரசரடி வாசகர் கேட்டது:

மதுரையில் சனிக்கிழமை மாலை கூடும் ஒரு வாசிப்புக் குழுவுக்காகக் கேட்கிறேன். யூத ஜெபஆலயங்களில் அந்த வாரம் வாசிக்கிற தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) பகுதியை, அதாவது பராஷாவையே நாங்களும் எடுத்து, யூத உரையாசிரியர்கள் வழியில் படிக்கப் பார்க்கிறோம். அடுத்து வருவது கெதோஷீம், லேவியராகமம் 19, 20 அதிகாரங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தினர். அதனால் 19:9-10, வயலோரத்தை ஏழைக்கு விடும் சட்டம், பொருத்தமாகத் தெரிகிறது.

சிக்கல் இரண்டு. பகுதியை முழுசாகச் சொல்ல நேரம் போதாது. அதோடு, எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் "ஏழைக்கு உதவுங்கள்" என்றுதான் போய் நிற்கிறது. அதைச் சொல்ல தோரா எதற்கு என்று கேட்கிறார்கள், நியாயமாகத்தான். எப்படித் தயாரிப்பது?

திருநகர் மணி:

முதலில் காலண்டரைப் பாருங்கள். சாதாரண வருடத்தில் கெதோஷீம் தனியாக வராது. அதற்கு முந்திய பகுதியான அகரே மோத்தோடு சேர்த்து ஒரே ஓய்வுநாளில் வாசிப்பார்கள். 80 வசனமும் 64 வசனமும் சேர்ந்து 144. யூதக் காலண்டரில் ஆதார் மாதம் இரண்டு வருகிற அதிக மாத வருடத்தில்தான் பிரியும். 2026-ல் சேர்ந்து வந்தது, 2027-ல் தனித்தனி.

64 வசனத்தையும் தொட நினைக்காதீர்கள். ஓய்வுநாள் காலை வாசிப்பை ஏழு பேருக்குப் பிரிப்பார்கள். கெதோஷீம் தனியாக வரும்போது முதல் பங்கு 19:1-14. அது மட்டும் போதும். 19:2-ல் "பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பித்து ஏழே வசனத்தில் வயல் வரப்புக்கு வந்துவிடுகிறது. அந்த இறக்கத்தைக் கவனிக்கவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வைகைக்கரை:

உபதேசமாக முடிவதற்குக் காரணம், வசனத்திலிருந்து நேராகக் கருத்துக்குத் தாவுவதுதான். நடுவில் மிஷ்னா, அதாவது பழைய யூத அறிஞர்களின் சட்டத் தொகுப்பு, இருக்கிறது. இந்த இரண்டு வசனத்துக்காகவே அதில் பேயா என்று எட்டு அதிகாரம் உண்டு. அதற்குள் போனால் வயலின் ஒவ்வொரு அடியையும் சண்டைபோட்டு அளந்திருப்பது தெரியும். குழுவில் வைக்க வேண்டியவை:

ஓரம் எவ்வளவு? தோராவில் அளவே இல்லை. அறுபதில் ஒன்றுக்குக் குறையக்கூடாது என்றது மிஷ்னா. அதற்கு மேல் வயலின் பரப்பையும் ஏழைகளின் எண்ணிக்கையையும் பார்த்து விட வேண்டும். நம் கணக்கில் ஏக்கருக்கு 1.67 சென்ட், 726 சதுர அடி. இதைப் போர்டில் எழுதுங்கள், பேச்சு தானாகக் கிளம்பும்.

எங்கே விடுவது? வயலின் கடைசியில். மிஷ்னாவை விவாதிக்கும் தால்முத் (ஷபாத் 23அ) காரணம் அடுக்குகிறது. நடுவில் எங்கோ விட்டால், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் சொந்தக்கார ஏழையை மட்டும் கூப்பிட்டு எடுத்துக்கச் சொல்லலாம். எப்போது விடுவாரோ என்று மற்ற ஏழைகள் நாள் முழுக்கக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும். வழியில் போகிறவர்கள் "ஓரம் விடாம அறுத்துட்டான்" என்று ஏசுவார்கள். கடைசியில் விட்டால் மூன்றுக்கும் இடமில்லை.

எப்படி எடுப்பது? அறுக்காமல் நிற்கும் பயிராகவே விட வேண்டும், ஏழைகளே வந்து எடுப்பார்கள். பந்தலில் ஏறிய திராட்சையும் பேரீச்சையும் விதிவிலக்கு: உரிமையாளரே இறக்கிப் பங்கிட வேண்டும், ஏறினால் ஆபத்து என்பதால். கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓரப்பயிரை ஏழைகள் அரிவாளால் அறுக்கவோ மண்வெட்டியால் கொத்தவோ கூடாது. கூட்டத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாதிருக்கத்தான். மேலே விழுந்து படுத்து, துண்டை விரித்து "எனக்கு" என்றவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டும். வயல் திறப்பது நாளுக்கு மூன்று வேளை, காலை, நண்பகல், பிற்பகல். உரைகாரர்கள் விளக்கம்: காலையில் குழந்தை தூங்கும்போது பால்கொடுக்கும் தாய்மார் வரலாம், நண்பகல் சிறுவர், பிற்பகல் முதியோர்.

அதே வசனம் ஏழைக்கு விடச் சொல்லும் சிந்திய கதிர் இன்னும் நுணுக்கம். ஒன்று, இரண்டு விழுந்தால் ஏழைக்கு. மூன்று சேர்ந்து விழுந்தால் உரிமையாளருக்கு. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டுக்கும் (உபாகமம் 24:19) ஹில்லேல் என்ற அறிஞரின் வழியினர் போட்ட கணக்கு இதுவே. அறுக்கும் கையில் முள் குத்திக் கதிர் நழுவினால் அது உரிமையாளருடையது. அது அறுப்பில் சிந்தியதல்ல, முள்ளால் விழுந்தது.

உங்கள் பாடத்தின் மையமாக நான் வைப்பது பேயா 5:6. ஏழைகளைப் பொறுக்கவிடாதவன், ஒருவரை விட்டு மற்றவரைத் தடுப்பவன், ஒருவருக்கு மட்டும் கூடமாட உதவுபவன், மூவரும் ஏழையைக் கொள்ளையடிக்கிறார்கள். மூன்றாவதை நிறுத்திப் படியுங்கள். உதவுவதே கொள்ளை! 7:3-ல் இன்னொன்று: திராட்சை பறிக்கும்போது கொடியின் கீழ் கூடை வைத்து உதிர்வதைப் பிடிப்பவனும் கொள்ளைக்காரன். ஆக ஓரம் தர்மம் கிடையாது. அறுப்புக்கு முன்பே அது ஏழையின் சொத்து. யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் உரிமைகூட நிலக்காரருக்கு இல்லை. 19:10-ஐ அடுத்து 19:11-ல் "களவு செய்யாதிருங்கள்" வருவதை இப்போது படித்துப் பாருங்கள்.

அரசரடி வாசகர்:

இது போதும் போலிருக்கிறது அண்ணே. ஒன்று மட்டும். இப்போ எல்லாம் மெஷின் அறுப்பு, யார் கதிர் பொறுக்குகிறார்கள் என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ஓரத்துக்குப் பதில் பணமாகக் கொடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள்.

மேலூர் ஆசிரியர்:

கேட்கட்டும், நல்ல கேள்விதான். ஆனால் "நம் வயலில் இதை எப்படிச் செய்வது" என்று பேச்சு போனால் தடம் மாறிவிடும். தோராவின்படி இந்தக் கடமை இஸ்ரயேல் நிலத்துக்குரியது. மேலூர் வயலுக்கு யாரும் விதிக்கவில்லை. மெஷின் வந்ததால் சிந்துகிற கதிரின் கணக்கு மாறலாம், ஓரத்தின் கணக்கு மாறாது. இங்கே பல இடங்களில் மெஷின் திரும்புவதற்காக மூலைகளை முதலில் கையால்தான் அறுக்கிறோம்.

பணம் பற்றிக் கேட்டால் உபாகமம் 14:28-29-ஐக் காட்டுங்கள். மூன்றாம் ஆண்டு தசமபாகம் ஏழைக்குப் போகிறது. அது அறுவடைக்குப் பின் பிரித்துக் கொடுப்பது, ஓரம் அறுக்குமுன் விட்டுவிடுவது. ஒன்றைக் கொடுத்துவிட்டேன் என்று மற்றதைக் கழிக்க முடியாது.

ரூத்தை யாராவது இழுப்பார்கள், இழுக்கவும் வேண்டும். ஷவுவோத் பண்டிகையில் வாசிக்கும் நூல் அது. ஆனால் 2:16-ல், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்காக நிலக்காரர் போவாஸ் வேண்டுமென்றே கதிரை உருவிப் போடச் சொல்கிறார். மேலே சொன்ன 5:6-ஐ வைத்துக்கொண்டு இதை எப்படி நியாயப்படுத்துவது? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே மோதட்டும்.

திருநகர் மணி:

நேரக் கணக்கு: வசனத்தைச் சத்தமாக இரண்டு முறை வாசிக்க 5 நிமிடம். "இந்த வசனத்தில் என்ன இடறுகிறது" என்று கேட்டு, பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ள 10. மிஷ்னாவுக்கு 15. ரூத்துக்கு 10. யூத உரையாசிரியர் ராஷியை எடுப்பதானால் லேவியராகமம் 23:22-க்கு அவர் எழுதியது ஒன்று போதும்: பண்டிகைப் பட்டியலின் நடுவில் வயலோரம் ஏன் மறுபடி வருகிறது என்று கேட்கிறார். முறையாக ஓரம் விட்டவன் ஆலயம் கட்டி உள்ளே பலி செலுத்தியவன் போல என்பது அவர் தரும் பதில்.

அடுத்த வாரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைபிள் சொசைட்டியின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வசன எண் சில இடங்களில் எபிரெயத்தோடு ஒத்துப்போகாது. லேவியராகமம் 19-ல் தொல்லை இல்லை. ட்ஸாவ் பராஷா தொடங்குவது எபிரெயத்தில் லேவியராகமம் 6:1, நம் பைபிளில் 6:8. வயிஷ்லாக் ஆதியாகமம் 32:4, நமக்கு 32:3. மத்தோத் எண்ணாகமம் 30:2, நமக்கு 30:1. காலண்டரில் போட்ட எண்ணை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும்.