பென்ஷனில் பிடித்தம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பாலக்கோட்டுப் பையன்:
எங்கள் பெரியம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். பெரியப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திடீரென்று ஒரு மாதம் பணம் குறைந்து வந்தது. பாஸ்புக்கில் தொகை மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. போய்க் கேட்டால், "அதிகமா குடுத்துட்டோம்மா, அதான் பிடிக்கிறோம்" என்று வாய்வார்த்தை.

விஷயம் இதுதான். ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்கு முதலில் கூடுதல் விகிதத்தில், அதிகபட்சம் 7 ஆண்டு கிடைக்கும். அப்புறம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைக்க வேண்டிய தேதி ஓய்வூதிய ஆணையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் கூடுதல் விகிதத்திலேயே கொடுத்துவந்தார்கள், பிடித்தம் மட்டும் பெரியம்மாவுக்கு.

எழுத்தில் கேட்டோம்: மொத்தம் எவ்வளவு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த உத்தரவின்படி. மனுவின் நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் கணக்குத் தாளே கைக்கு வந்தது. மாதாமாதம் பிடிப்பதையும் பாதியாகக் குறைத்தார்கள்.

ஓய்வு பெற்ற கிளார்க், ஓசூர்:
ரஃபீக் மசி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள் தம்பி. ஓய்வு பெற்றவர்களிடமிருந்து, தவறாகக் கொடுத்த கூடுதல் தொகையைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு. "அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் பிடிக்கலாம் என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்தாரா?

காரிமங்கலம் அக்கா:
என் கதை வேறு. மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் வந்த அன்றைக்கே மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி எடுத்துக்கொண்டது. அரசுக்கு நான் ஒரு பைசா பாக்கி இல்லை! 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. முதல்வரின் உதவி எண் 1100-க்குப் புகார் சொன்னேன், பணம் திரும்பியது.

ஊத்தங்கரை விவசாயி:
2020-இல் விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் தகுதி இல்லாதவர்களை ஏராளமாகச் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் கணக்கிலிருந்தே பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். எங்கள் தெருவில் சிலருக்குத் தாங்கள் விண்ணப்பித்ததே தெரியாது. ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிப் போன புரோக்கர் கமிஷனோடு போய்விட்டான்.

பாலக்கோட்டுப் பையன்:
ஓசூர் ஐயாவுக்கு: பெரியம்மாவிடம் கேட்டேன். "கையெழுத்துப் போடச் சொன்ன எடத்துல எல்லாம் போட்டேன் கண்ணு, எதுல என்ன இருந்துச்சுன்னு யாரு கண்டா" என்கிறார். அந்தத் தாளின் நகலைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.