ஓடு போட்டு ஊரைவிட்டு அனுப்பியவர்கள்

பழைய கிரேக்கத்தை நேருக்கு நேர் பார்த்தது போல் உணர்ந்த இடம் எது என்று கேட்டிருந்தீர்கள். பலரும் ஏதென்ஸின் பார்த்தினோன் கோயிலைச் சொல்வார்கள். எனக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த உடைந்த பானை ஓடுகள்.

ஏதென்ஸில் அகோரா என்ற பழைய சந்தைத் திடலின் ஓரத்தில் அத்தலோஸ் மண்டபம் இருக்கிறது. 1950களில் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வரிசையாக ஓடுகள், ஒவ்வொன்றிலும் கீறிய ஒரு பெயர். பள்ளிப் பிள்ளைகள் சிலர் பெட்டியைச் சூழ்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்: "தெ... மிஸ்... தொக்... லெஸ்." கிட்டத்தட்ட 2,500 வருஷத்துக் கீறலை ஒரு சின்னப் பெண் சத்தமாக வாசிக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையைத் தோற்கடிக்க வழி வகுத்தவர் இந்த தெமிஸ்தொக்லெஸ். சுமார் பத்து வருஷத்தில் அதே ஊர் மக்கள் அவரை வெளியேற்றினார்கள். குற்றச்சாட்டு வேண்டாம், விசாரணை வேண்டாம். யாராவது கைமீறி வளர்கிறார் என்று பயம் வந்தால், வெளியேற்றும் வாக்கெடுப்பு வைக்கலாமா என்று மக்கள் சபையில் வருஷம் ஒருமுறை கேட்பார்கள். சரி என்றால், பின்னர் ஒரு நாள் ஆளுக்கொரு ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஓட்டுப் போடுவது அங்கே நிஜமாகவே ஓடு போடுவதுதான். 6,000 ஓடுகள் சேர வேண்டும். அதிகம் வந்த பெயருக்குரியவர் 10 வருஷம் ஊருக்குள் வரக்கூடாது. வீடு, நிலம், குடியுரிமை எதுவும் பறிபோகாது. ரத்தம் சிந்தாமல் அதிகாரத்தை அடக்க ஒரு வழி கண்டார்களே என்று அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரே கிணற்றில் தெமிஸ்தொக்லெஸ் பெயரோடு 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தானாம். யாரோ முன்கூட்டியே கீறி, விநியோகிக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரைக் காத்தவருக்கு எதிராக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிய அந்தக் கைகளை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

—

அக்கா, அதே மண்டபத்தில் என்னை நிறுத்தியது ஒரு மண்பானை. நான் வக்கீல், அதனால்கூட இருக்கலாம். அடியில் சின்னக் குழாய் வைத்த நீர்க் கடிகாரம் அது. தண்ணீர் வடிய சுமார் 6 நிமிடம். வாதி, பிரதிவாதி இருவருக்கும் ஒரே அளவு தண்ணீர், தீர்ந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். சொத்துத் தகராறு போன்ற வழக்குக்கே 201 நடுவர்கள், பெரிய வழக்கென்றால் 501 பேர், எல்லோரும் சாதாரணக் குடிமக்கள்.

வக்கீல் கிடையாது, அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். அதனால் பேச்சை எழுதிக் கொடுக்கவே ஆட்கள் இருந்தார்கள். அதில் பேர்போனவர் லிசியாஸ். அவருடைய அப்பா சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரிலிருந்து வந்து குடியேறியவர். எத்தனையோ ஏதென்ஸ்காரர்களுக்கு நீதிமன்றத்தில் பேச வார்த்தை கொடுத்த மனிதருக்கு, வெளியூர்க் குடும்பம் என்பதால் அந்த ஊர்ச் சபையில் கை தூக்கி வாக்களிக்கும் உரிமை இல்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும்கூட அங்கே இடமில்லை. பானையைப் பார்க்கும்போது அதைச் சுமந்து தண்ணீர் ஊற்றியவர் யாராக இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

—

தம்பி, தண்ணீர் ஊற்றியவர் யார் என்ற உங்கள் கேள்வி எனக்கு அங்கே தோன்றவே இல்லை. அப்புறம், வரிசையாகத் துளை வெட்டிய கற்பலகை ஒன்று இருந்ததே, பார்த்தீர்களா? நடுவர்களைக் குலுக்கலில் எடுக்க உதவியது அது. 500 பேர் ஆட்சிக் குழுவையும் குலுக்கிப் போட்டே எடுத்தார்கள், ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இடமில்லை. ஆனால் படைத் தளபதிகளைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். போருக்குத் திறமை வேண்டும், ஆட்சிக்கு நம்மில் யாரானாலும் போதும் என்று நம்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.