வெளிநாட்டு நண்பர்களும் நம் பந்தியும்: பெங்களூர் அனுபவங்கள்

இந்திரா நகரிலிருந்து

வெளிநாட்டுக்காரர் யாராவது வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றதும் நாம் முதலில் ஸ்பூனையும் ஃபோர்க்கையும் தேடி எடுத்துக் கழுவி வைக்கிறோம். கையால் சாப்பிடச் சங்கடப்படுவார்களே என்ற கவலை. என் வீட்டுக்காரரின் அலுவலகத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடு பழக்கம். கை விஷயத்தில் யாரும் திணறி நான் பார்த்ததில்லை. ஒரு வாய் பிசைந்து காட்டினால் போதும், ரசம் சாதம் வரைக்கும் சமாளித்துவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது, வீட்டுக்காரர்கள் ஏன் கூட உட்காரவில்லை என்கிற இடங்களில்தான். அதைப் பற்றி யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வீடுகளில் எல்லார் தட்டிலும் உணவு வந்தபிறகு, "குட்டன் அப்பெட்டீட்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். தோசையோ கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வருவது. முதல் தோசை கிடைத்தவர் மற்றவர்களுக்கும் வரட்டும் என்று அதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆறிப்போகுதேம்மா, அவருக்குப் பிடிக்கலையா?" என்று என்னிடம் கேட்பார். கடைசித் தட்டுக்குத் தோசை போய்ச் சேர்வதற்குள் முதல் தோசை துவண்டு போயிருக்கும். சரி, எல்லாருக்கும் வந்தாயிற்றே என்றால், அப்போதும் கை நகராது. தோசை வார்ப்பவர் வந்து உட்காராமல் எப்படி ஆரம்பிப்பது? வார்ப்பவர் கடைசியில்தான் சாப்பிடுவார் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. ஒரு பெண்மணி எழுந்து அடுக்களைக்கே போய்விட்டார். "நீங்கள் நிற்கும்போது நான் சாப்பிட்டால் உங்களை வேலைக்காரி மாதிரி நடத்துவதாக இருக்காதா?" என்று மாமியாரிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். விருந்தாளி வயிறு நிறைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் தன் சந்தோஷம் என்று மாமியார் பதில் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது அன்பைத்தான். ஆனால் என் கருத்தைக் கேட்டால், அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியில் நாம் யோசிக்க வேண்டியது இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுவதற்கு விருந்தோம்பல் என்று பெயர் வைத்துப் பழகிவிட்டோம். அதற்கப்புறம் வெளிநாட்டு விருந்தாளி வரும் நாளில் இட்லி, பொங்கல், சேவை என்று மொத்தமாகச் செய்து மேஜையில் வைத்துவிடுகிறோம். மாமியாரும் உட்காருகிறார். உள்ளூர் விருந்தாளி வந்தாலும் இப்போது அப்படித்தான்.

அடுத்தது, 'போதும்'. தட்டில் போட்டதை மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லியே ஜெர்மனியில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நம் ஊரில் தட்டு காலியானால் அடுத்த கரண்டி விழும். அவர் மரியாதைக்காகக் காலி செய்வார், மாமியார் மரியாதைக்காகப் போடுவார். கும்பகோணத்துக் கை, நிறுத்தாது. "இன்னும் ஒரே ஒரு கரண்டி தம்பி" என்று அவர் சொல்வதை மறுத்தால் அவமதிப்பாகிவிடும் என்று பயந்து ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். இதற்கு நேர் எதிரான கதை ஸ்டுட்கார்ட்டில் படிக்கப் போன என் சித்தி பையனுடையது. அங்கே ஒரு வீட்டில், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார்கள். நம் வழக்கப்படி மரியாதைக்கு வேண்டாம் என்றிருக்கிறான். அவர்கள் நம்பிவிட்டார்கள். பாத்திரம் உள்ளே போய்விட்டது. ராத்திரி அறைக்கு வந்து ரொட்டி தின்றானாம்.

அதனால் வருகிறவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்துக் குனிந்து மறைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கணக்கு. சொன்னதும் சிரிக்கிறார்கள், ஆனால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

பிடதி பக்கத்திலிருந்து

நான் வேலை செய்யும் கார் தொழிற்சாலையில் ஜப்பான்காரர்கள் வந்து சில வருடங்கள் இருந்துவிட்டுப் போவார்கள். கேன்டீனில் ஒரே மேஜைதான். சாப்பிடுமுன் கை கூப்பி "இத்தாதாக்கிமாஸ்" என்பார்கள், முடித்ததும் "கொச்சிசோசாமா". அங்கே வெறுமனே சம்பிரதாயமாகச் சொல்கிறவர்களும் இருப்பார்கள், ஆனால் என் எதிரில் உட்காருகிற பெரியவர் கண்ணை மூடித்தான் சொல்வார்.

நாங்கள் ரசத்தை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் ஐரோப்பியர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். இவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. சோபா, ராமென் மாதிரி நூடுல்ஸை அவர்கள் ஊரில் சத்தமாக உறிஞ்சித்தான் சாப்பிடுகிறார்கள். எச்சில் பற்றியும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொதுப் பாத்திரத்திலிருந்து எடுக்க அவர்களிடம் தனிக் குச்சியே உண்டு.

அந்தப் பெரியவர் ஒரே ஒரு விஷயத்தில் முகம் மாறி நான் பார்த்திருக்கிறேன். ஒரு விழா நாளில் பெரிய கிண்ணத்தில் சாதம் வைத்து, கரண்டியை நடுவில் செங்குத்தாகக் குத்தி வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். அப்புறம் தனியாகக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. அங்கே இறந்தவருக்குப் படைக்கிற சாதத்தில்தான் குச்சிகளை அப்படி நட்டு வைப்பார்களாம். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்தபின் உறவினர்கள் எலும்பை அப்படித்தான் கைமாற்றி எடுப்பார்கள். நான் அவரிடம் நம் வாழை இலையைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடித்தால் நல்லது, எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். அவர் உடனே கைக்குறிப்பேட்டை எடுத்து இலைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டார். எங்கள் லைனில் வேலை செய்கிற பையனின் கல்யாணத்தில் அவர் இலையை மடித்த விதத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஜெயநகரிலிருந்து

எங்கள் மாடியில் குடியிருந்த கனடாக்காரப் பெண் இந்தியா வருமுன் எங்கேயோ படித்திருக்கிறாள், சாப்பாட்டு மேஜையில் இடது கை ஆகவே ஆகாது என்று. எங்களோடு சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் எல்லாரும் இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்குகிறோம், இடது கையால் கரண்டி பிடித்துக் குழம்பு ஊற்றிக்கொள்கிறோம். அவளோ சாதம் ஒட்டிய வலது கையால் கரண்டியைப் பிடித்தாள். பாட்டி பார்த்துவிட்டு, "அய்யய்யோ, பத்து!" என்றார். சோறு பட்ட கையால் மற்றதைத் தொடுவதைத்தான் அப்படிச் சொல்வார். வலது கை வாய்க்குப் போகிற கை, அதனால் பொதுவானதைத் தொடக் கூடாது, அங்கேதான் இடது கைக்கு வேலை என்று விளக்கினேன். புத்தகத்தில் பாதி விதியைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாள். உண்மைதான். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்தால் நல்லது.

கம்மனஹள்ளியிலிருந்து

எங்கள் பகுதியில் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறைய. பக்கத்து வீட்டில் எத்தியோப்பியப் பெண்கள் இருந்தார்கள். மற்ற எல்லாரையும்விட நமக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். வலது கையால் சாப்பிடுவது, சாப்பிடுமுன் கை கழுவ நீர் வார்ப்பது, விருந்தாளியைக் கட்டாயப்படுத்துவது எல்லாம் அப்படியே. டெஃப் என்கிற சிறு தானிய மாவைப் புளிக்க வைத்து இன்ஜெரா என்று ஊற்றுகிறார்கள். ஒருபக்கம் கண் கண்ணாக, ஆப்பம் மாதிரி இருக்கும். அதன் மேலேயே குழம்பு வகைகளை வைத்து, எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவார்கள்.

அந்த ஒரே தட்டுதான் என் அம்மாவுக்குப் பெரிய மலையாக இருந்தது. எச்சில் பார்க்கிறவர். காபி டம்ளரைக்கூட உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார். அந்த வீட்டில் கூப்பிட்டபோது எனக்காக வந்தார், தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொண்டார், அவர்களும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூத்த பெண் இன்ஜெராவில் பருப்பைச் சுருட்டி, நேராக அம்மாவின் வாய்க்குக் கொண்டுவந்தாள். குர்ஷா என்பார்கள். தன் கையால் ஊட்டுவது அங்கே அன்பையும் மரியாதையையும் காட்டுகிற வழி. மறுத்தால் மனம் நோகும். அம்மா அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார். "எங்க அம்மா எனக்கு உருண்டை பிடிச்சுக் குடுப்பாங்க, அதுக்கப்புறம் யாரும் குடுத்ததில்லை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் வேறு மாதிரி ஆனது. புதன்கிழமை. சாதத்தில் நெய் வேண்டாம் என்றாள். தயிரும் வேண்டாம், மோரும் வேண்டாம் என்றாள். சைவச் சாப்பாடுதானே, எல்லாமே சாப்பிடலாமே என்று அம்மாவுக்கு வருத்தம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள், அன்றைக்கு இறைச்சியோடு பால், நெய், தயிர், முட்டை எல்லாமே விலக்கு என்று அவள் சொன்னதும், ஏகாதசி தவறாத அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. எழுந்து போய், நெய் விடாமல் நல்லெண்ணெயில் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டு வந்தார்.

காபிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கொட்டையைப் பச்சையிலிருந்து வறுத்து, இடித்து, காய்ச்சி மூன்று சுற்று கொடுப்பார்கள். அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவதுதான் ஆசீர்வாதம். முதல் டம்ளரோடு "வரேங்க" என்று எழுந்துவிடாதீர்கள்.

அல்சூரிலிருந்து

பிரெஞ்சுக்கார நண்பர் ஒருவருக்கு இடது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நாம் மடியில் வைத்துக்கொள்கிறோம். பிரான்ஸில் இரண்டு கையும் மேஜைமேல் தெரிய வேண்டும், மடியில் வைத்தால் சின்ன வயதில் அம்மா அதட்டுவாராம். காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்குக் கூட்டிப் போனேன். 1943-லிருந்து இருக்கிற ஓட்டல். எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போகப் பார்த்தார். இங்கே இதுதான் வழக்கம் என்றேன். அப்புறம் அந்த முன்பின் தெரியாதவரே இவருக்குச் சட்னி ஊற்றச் சொல்லி சர்வரைக் கூப்பிட்டார். ஒரு காபியை இரண்டு பேர் பங்கிட்டுக் குடிக்கிற ஒன் பை டூ காபி மட்டும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து

எங்கள் அடுக்ககத்தில் ஒரு கொரியக் குடும்பம். அவர்கள் வழக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஸ்பூனை எடுத்தபிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். எங்கள் வீட்டில் என் மாமனார், குழந்தைகள் சாப்பிட்டு முடிக்காமல் இலைமுன் உட்கார மாட்டார். அவர்கள் பையன் சாதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாமனாரைப் பார்க்கிறார், மாமனார் பையனைப் பார்த்து "சாப்பிடுப்பா ராஜா" என்கிறார். யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் என் கணவர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். மாமனார் நின்றபடியே ஒரு அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு பையனைப் பார்த்துத் தலையாட்டினார். பையன் பாய்ந்தான்.

அன்றைக்கே மிளகு ரசம் குடித்த அவன் அப்பா திடீரென்று எழுந்து வெளியே போய்விட்டார். கோபமோ என்று பதறினோம். மேஜையில் மூக்கைச் சிந்துவது அவர்களுக்கு மிகவும் அநாகரிகம், அதற்காகப் போயிருக்கிறார். ஜெர்மன்காரர்கள் அதைச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே செய்வார்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். காரமாகச் சமைக்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குளியலறை எங்கே என்று வந்ததுமே காட்டிவிடுங்கள்.

மீண்டும் இந்திரா நகரிலிருந்து

எல்லாரும் எழுதியதைப் படித்தபோது நான் விட்டுவிட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. நேரம். ஏழு மணிக்கு வாருங்கள் என்றால் ஜெர்மன் நண்பர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுகிறார்கள், ஏழரைக்குச் சாப்பாடு என்று நினைத்து மத்தியானம் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். நாம் பேச்சும் வடையுமாக ஒன்பதரை வரை ஓட்டுவோம். அவர்கள் ஊரில் சாப்பிட்டபிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும், நம் ஊரில் கை கழுவியதும் செருப்பைத் தேடுவோம். எங்கள் வீட்டில் பாயசம் முடிந்து உள்ளூர் விருந்தாளிகள் எல்லாரும் எழுந்து போய்விட, தாங்கள் ஏதோ தவறாகச் செய்துவிட்டோமோ என்று ஒரு ஜெர்மன் தம்பதி கவலையோடு கேட்டார்கள். இப்போது கூப்பிடும்போதே, எட்டு மணிக்குச் சாப்பாடு, மற்றவர்கள் கிளம்பினாலும் நீங்கள் இருங்கள், காபி போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.