பொருள்: ‘பல்–வால் விகிதம்’ வேண்டாம், ‘களப்படை–தாங்குபடை விகிதம்’ எனலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படைச்செலவுக் குறைப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துவரும் நண்பர், ‘டூத் டு டெயில் ரேஷியோ’ என்னும் தொடரைப் ‘பல்–வால் விகிதம்’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தார். மூன்று நாள்களாக வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்த பிறகே இதை எழுதுகிறேன். அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தையும், அதற்கு ஈடாக நான் முன்வைக்கும் சொல்லையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு படையில் ஆயுதம் ஏந்திக் களத்தில் நிற்பவர் எத்தனை பேர், அவருக்குச் சோறும் தோட்டாவும் மருந்தும் எரிபொருளும் கொண்டுசேர்ப்பவர், வண்டி பழுதுபார்ப்பவர், கிடங்கு காப்பவர், கணக்கு எழுதுபவர் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த விகிதம். படைச்செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதுவும் உடன் எழும். நம் நாட்டில் லெப்டினன்ட் ஜெனரல் ஷெகத்கர் தலைமையில் அமைந்த குழு 2016 டிசம்பரில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளில் 65ஐ ஏற்றுக்கொண்ட அரசு, அதிகாரிகள், வீரர்கள், குடிமைப் பணியாளர்கள் என ஏறத்தாழ 57,000 பணியிடங்களை மாற்றியமைக்கப்போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த அறிவிப்பை ஒட்டி வந்த கட்டுரைகளில் எல்லாம் இந்தப் பல்லும் வாலும் இடம்பெற்றன.

ஆங்கிலத்தில் அது ஒரு வேட்டை விலங்கின் உருவம். கடிப்பது பல், பின்னால் இழுபடுவது வால். தமிழில் அந்த இரண்டு சொற்களும் வேறு வேலை செய்கின்றன. நம் பேச்சில் பல்லைக் காட்டுவது வீரம் அன்று. கெஞ்சி நிற்பவனும் அசடு வழிபவனுமே பல்லைக் காட்டுகிறார்கள். வாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாலாட்டினால் ஒட்ட நறுக்கிவிடுவேன் என்றுதான் நாம் மிரட்டுகிறோம். தமிழில் வால் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை நறுக்குவதே அடுத்த வேலை என்றாகிவிடுகிறது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று கட்டுரை இனிமேல்தான் வாதிடப்போகிறது. அதற்கு முன்பே சொல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இதே காரணத்துக்காகத்தான் நண்பர் ‘பாதுகாப்புச் செலவு’ என்பதை விட்டுவிட்டுப் ‘படைச்செலவு’ என்று எழுதியிருப்பதை வரவேற்கிறேன். உணவுப் பாதுகாப்பு முதல் பெண்கள் பாதுகாப்பு வரை அனைத்துக்கும் அந்த ஒரு சொல்லையே கொடுத்துவைத்திருக்கிறோம். ‘பாதுகாப்புச் செலவைக் குறைக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால், நம்மைக் காப்பாற்ற வேண்டாம் என்று அவர் சொல்வதாகவே காதில் விழுகிறது. அவர் வாயைத் திறக்கும்போதே பாதி வாதத்தில் தோற்றுப்போகிறார். ‘வால்’ குறைப்பவர் பக்கம் சாய்கிறது, ‘பாதுகாப்பு’ கூட்டுபவர் பக்கம் சாய்கிறது. கலைச்சொல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

நான் குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையை ஒட்டிய ஊரில் இருக்கிறேன். சற்றுத் தொலைவு சென்றால் ஆந்திர எல்லை வந்துவிடும். சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது என்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும், எங்கள் பக்கத்திலும் தெருவுக்கு இரண்டு வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். பட்டாளத்துக்குப் போனவர்களில் பலர் காலாட்படையினர் அல்லர். சப்ளை வண்டி ஓட்டியவர், மெக்கானிக், சமையல்காரர், ஸ்டோர்கீப்பர், மருத்துவமனையில் நர்சிங் பணி பார்த்தவர் என்று அவர்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

என் பெரியப்பா சப்ளை வண்டி ஓட்டியவர். 1999இல் கார்கில் போர் நடந்தபோது ஸ்ரீநகர்–லே சாலையில் இருந்தார். அந்தச் சாலை திராஸ் அருகே, எதிரி பிடித்துவைத்திருந்த சிகரங்களின் பார்வையில் கிடந்தது. மேலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்லப் பீரங்கிக் குண்டுகள் சாலையிலேயே விழுந்தன. அதனால் இரவில், முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, வரிசையாக வண்டி ஓட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டியின் பின்னச்சில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியலுக்கு வெள்ளை பூசியிருப்பார்கள். அதன்மேல் மட்டும் படும்படி ஒரு சின்னஞ்சிறு விளக்கு எரியும். பின்னால் வருபவருக்கு வழிகாட்டி அந்த வெள்ளை உருண்டை ஒன்றுதான். பரங்கிக்காய் அளவு இருக்கும் என்று பெரியப்பா இரண்டு கையையும் குவித்துக் காட்டுவார். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், நடுவில் அந்தப் பரங்கிக்காயை மட்டும் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் பீரங்கிக் குண்டுகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியவர் அவர். அவரை ‘வால்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இது உணர்ச்சி மட்டும் அன்று. 1962இல் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பலரிடம் பருத்திச் சீருடையும் கேன்வாஸ் காலணியுமே இருந்தன. விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல பள்ளத்தாக்குகளில் விழுந்து எடுக்க முடியாமல் போயின. ஆயுதம் ஏந்தியவர் அங்கே இருந்தார். அவரைத் தாங்கும் ஏற்பாடுதான் இல்லை. தாளில் அந்த விகிதம் எப்படி இருந்திருந்தாலும் களத்தில் அதற்குப் பயன் இருந்திருக்காது.

அதற்காக எதையுமே குறைக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. 1889இல் அலகாபாத்தில் தொடங்கி, வீரர்களுக்குப் பால் தருவதற்கென்றே நாடெங்கும் ராணுவப் பண்ணைகளை நடத்திவந்தார்கள். வெள்ளையர் காலத்தில் நல்ல பால் கிடைப்பது அரிதாக இருந்ததால் அது தேவைப்பட்டது. கூட்டுறவுச் சங்கப் பால் ஊரூராகக் கிடைக்கும் காலத்தில், மாடு மேய்க்கவும் தீவனம் அறுக்கவும் ராணுவம் ஆள் வைத்திருக்க வேண்டியதில்லை. 2021 மார்ச் 31 அன்று அவற்றை மூடினார்கள். அது சரியான முடிவு. பெரியப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். பால் பண்ணையும் திராஸ் சாலையில் போன வண்டியும் ஒரே ‘வால்’ ஆகிவிடுவதால்தான், இரண்டையும் பிரித்துப் பார்க்கும் இந்த வாதமே தமிழில் நடக்க முடியாமல் போகும் என்று அஞ்சுகிறேன்.

இனி, குழுமத்தில் வந்த மாற்றுச் சொற்கள்.

‘துணைப்படை’ என்பதைப் பலர் ஆதரித்திருக்கிறார்கள். வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் என்று பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். துணை ராணுவம் என்பதும் வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்டது. மூன்றாவது பொருளையும் அதே சொல்லின்மீது ஏற்ற வேண்டாம். ‘சேமப்படை’ என்பது தேவைப்படும்போது அழைப்பதற்காக ஒதுக்கிவைத்த படை. அது இங்கே பொருந்தாது.

கோவை நண்பர் பழந்தமிழிலிருந்து ‘தார்–கூழை’ என்ற இணையை எடுத்துத் தந்திருக்கிறார். முன்னணிப் படைக்குத் தார் என்றும் பின்னணிப் படைக்குக் கூழை என்றும் நம் முன்னோர் வழங்கியது உண்மை; அதைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் கூழையும் போரிடும் படைதான். அது பின்னால் நின்று போரிட்டது. சோறு சுமந்தவர்களுக்கு அது பெயராக இருக்கவில்லை. மேலும் இன்றைய காதுக்குக் கூழை என்றால் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வருகிறது. வாலிலிருந்து தப்பித்து அதனிடம் சிக்கிக்கொள்ள வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அம்மையார் ‘கள ஆளணி, ஆதரவு ஆளணி’ என்று முன்மொழிந்தார். ஆளணி என்பது நல்ல சொல். இந்த விகிதம் ஆள்களை எண்ணுவது என்பதையும் அது சரியாகப் பிடிக்கிறது. எங்கள் பக்கத்தில் ‘ஆதரவு’ என்றால் கட்சிக்குத் தரும் ஆதரவும் ஆதரவற்றோர் இல்லமும்தான் முதலில் தோன்றும் என்பது மட்டுமே என் தயக்கம்.

நான் முன்வைப்பது ‘களப்படை–தாங்குபடை’. தூண் கூரையைத் தாங்குகிறது, மூத்த பிள்ளை குடும்பத்தைத் தாங்குகிறான் என்று சொல்கிறோமே, அந்தத் தாங்குதல். எங்கள் வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் இருக்கிறது: சிறிய ஏரியைத் தாங்கல் என்போம். மழைநீரைத் தாங்கி வைத்திருந்து வயலுக்கு விடுவது தாங்கல். அறுத்துவந்த நெல்லை அடிப்பது களம். தாங்கலில் நீர் இல்லாத ஆண்டில் களத்தில் நெல் இருக்காது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரிடம் இந்தப் பொருளைச் சொல்லி, உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் ‘வென்னுதன்னு’ என்றார். முதுகுக்குப் பின்னால் கொடுக்கும் தாங்கல் என்று பொருள். எல்லையின் இரு பக்கத்திலும் மக்களின் மனம் வாலை நோக்கிப் போகவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஓய்வூதியத்தையும் வாலின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பொருட்குழப்பம். 2025–26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியத்துக்கு ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி. இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பது உண்மையான சிக்கல்தான்; 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில், நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிலைப்பணி கிடையாது, மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கிடையாது என்று வைத்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். விடியற்காலையில் எங்கள் சாலையில் ஓட்டப்பயிற்சி செய்யும் பையன்களின் எண்ணிக்கை அதன் பிறகும் குறையவில்லை. அவர்களுடைய வீட்டார் போடும் கணக்குதான் மாறிவிட்டது. அதைத் தனியாக விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் இந்த விகிதம் இன்று பணியில் இருப்பவர்களை எண்ணுவது. ஓய்வூதியம் முன்பே உழைத்தவருக்குத் தர வேண்டிய கூலி. அதை ‘ஓய்வூதியச் செலவு’ என்று அதன் பெயராலேயே சொல்வோம்.

‘ரேஷியோ’ என்பதற்கு விகிதமா தகவா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பள்ளிப்பிள்ளைக்கு விகிதம் தெரியும், அதுவே இருக்கட்டும்.

அன்புடன்.

(இரண்டு நாள் கழித்து எழுதிய மறுமடல்)

நண்பர்களுக்கு வணக்கம். என் முன்மொழிவுக்கு வந்த மூன்று மறுப்புகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மனத்தாங்கல் என்ற சொல்லில் தாங்கலுக்கு வருத்தம் என்ற பொருள் உண்டே என்கிறார் ஒருவர். உண்டு. ஆனால் நாம் வைப்பது தாங்கல் அன்று, தாங்குபடை. வினைத்தொகையாக நிற்கும்போது அந்தப் பொருள் ஒட்டாது.

‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளைக் காட்டி, அங்கே தாங்குதல் என்றால் எதிரியின் முன்னணிப் படையைத் தடுத்து நிற்பது ஆயிற்றே, அப்படியானால் தாங்குபடை என்பது களத்தில் நிற்பவரையே குறிக்காதா என்று கேட்கிறார் இன்னொருவர். இது வலுவான மறுப்பு. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக நின்றால் அந்த மயக்கம் வரக்கூடும். களப்படை என்பதோடு இணையாக வரும்போது வராது. ஆகவே இந்தச் சொல்லைத் தனித்து வழங்காமல் இணையாகவே அகராதியில் ஏற்ற வேண்டும் என்ற திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு பெங்களூருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினருடையது. ‘நாங்கள் எந்தப் பக்கம்?’ என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். 1971இல் பசந்தர் ஆற்றுப் போரில் டாங்கிகள் கடந்துபோகக் கண்ணிவெடிப் பரப்பில் வழி திறந்தவர்கள் பொறியாளர் படையினர். அவர்களைத் தாங்குபடை என்று எழுதினால் பிழை. களப்படை என்றாலும் பாலம் கட்டும் அவர்களுடைய பணி மறைந்துபோகும். ராணுவமே போரிடும் பிரிவுகள், போருக்குத் துணைநிற்கும் பிரிவுகள், சேவைப் பிரிவுகள் என்று மூன்றாகப் பிரித்திருக்கும்போது, ஆங்கிலத் தொடர் இரண்டாகச் சுருக்கிவிட்டதால் வந்த இடர்ப்பாடு இது. ஐயா அவர்களின் ஒப்புதலோடு, பொறியாளர், தகவல்தொடர்பு ஆகிய பிரிவுகளுக்குக் ‘களத்துணைப்படை’ என்ற நடுச்சொல்லையும் சேர்க்கலாம் என்று கருதுகிறேன். ‘களம்’ முன்னால் வருவதால் வெல்லெஸ்லியின் துணைப்படையோடு குழப்பம் நேராது.

எனவே அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்: ‘களப்படை–தாங்குபடை விகிதம்: படையில் நேரடியாகப் போரிடுவோர்க்கும், அவர்க்கு உணவு, வெடிபொருள், எரிபொருள், மருத்துவம், பழுதுபார்ப்பு, நிர்வாகம் ஆகியவற்றை அளிப்போர்க்கும் உள்ள எண்ணிக்கை ஒப்பீடு. களத்துணைப்படையை எப்பக்கம் சேர்த்து எண்ணியது என்பதைக் கணக்கிடுவோர் குறிப்பிட வேண்டும்.’

மொழிபெயர்க்கும் நண்பர் நான்காம் பக்கத்தில் ‘வாலைக் குறைத்தல்’ என்று எழுதியிருக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். மூலத்தில் அந்த வரி பேசுவது பால் பண்ணைகளையும் அஞ்சல் நிலையங்களையும்தான். ஆகவே அங்கே ‘தாங்குபடையைக் குறைத்தல்’ என்றுகூட வேண்டாம், ‘பண்ணைகளையும் அஞ்சல் நிலையங்களையும் மூடுதல்’ என்றே எழுதிவிடுங்கள்.