வெள்ளைத் தாயும் கறுப்புப் பிள்ளையும் ஒரே சட்டகத்தில்: வீட்டிலேயே நாய்க் குடும்பப் படம்

கேள்வி:

வணக்கம். எங்கள் வெள்ளையம்மாள் ராஜபாளையம் இனத்தவள்; வரும் தையில் அவளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. எங்கள் தெரு நாயோடு கூடி அவள் ஈன்ற குட்டிகளில் மூன்றை நாங்களே வைத்துக்கொண்டோம். முத்துவும் செவலையும் எங்களிடம் மதுரையில் இருக்கிறார்கள்; கருப்பன் திருமங்கலத்தில் தங்கை வீட்டில் வளர்கிறான். பொங்கலுக்கு அவன் வரும்போது நால்வரையும் ஒரே படத்தில் எடுத்து, தாயின் நீண்ட மூஞ்சியும் மடிந்த காதுகளும் பிள்ளைகளிடம் எப்படி இறங்கியிருக்கின்றன என்பது தெரியும்படி வைத்துக்கொள்ள ஆசை. சென்ற ஆண்டு முயன்றபோது தாய் வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிப்போனாள். கருப்பனோ நிழலாகத்தான் விழுந்தான். ஃபிளாஷ் பட்ட கண்களெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன. என்னிடம் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சர் கொண்ட கேமராவும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. வழி சொல்லுங்கள்.

பதில் 1:

முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால்தான் கண் பச்சையாகத் தெரிகிறது. வாசற்கதவை விரியத் திறந்து, நேர்வெயில் விழாத வேளையில், நால்வரையும் கதவுக்கு உட்புறம் வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். கருப்பன் வாசலுக்கு அருகிலும் வெள்ளையம்மாள் சற்று உள்ளே தள்ளியும் இருந்தால், ஒளியே இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாதி குறைத்துவிடும். ஒளிப்பதிவின் அளவை வெள்ளை முடிக்கே வைத்து, சென்சர் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். வெள்ளையில் எரிந்துபோன விவரம் திரும்பாது, கறுப்பில் அமிழ்ந்ததைப் பிறகு ஓரளவு எழுப்பலாம்.

லென்ஸின் துவாரம் அகலத் திறக்கும் எஃப் 1.8 இங்கே உதவாது. 2.5 மீட்டர் தொலைவில் அது தெளிவாகக் காட்டும் ஆழம் ஒரு சாண்கூட இராது என்பதால், ஒரு முகம் தெளிந்தால் மற்றவை மங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6 வைத்தால் ஏறத்தாழ அரை மீட்டர் கிடைக்கும். ஷட்டர் 1/250 நொடிக்குக் குறையாமல், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை வேண்டிய அளவு உயர்த்திக்கொள்ளுங்கள். டியூப்லைட்டையும் அணையுங்கள், நம் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிப்பதால் அந்த வேகத்தில் படத்தில் பட்டைகள் விழக்கூடும். சுவர் பச்சையாக இருந்தால் அந்நிறம் வெள்ளை முடியில் ஏறும் என்பதையும் கவனியுங்கள். தரையில் படுத்து, அவர்களுடைய கண்மட்டத்திலிருந்து எடுத்தால்தான் மூஞ்சியின் நீளம் உள்ளபடி தெரியும்.

பதில் 2:

கேமராவுக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிந்து வளர்ந்த கருப்பனை நேரே வீட்டுக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். தாயும் பிள்ளையும் என்றாலும் மற்றவர்கள் அவனை அயலானாகவே கருதக்கூடும். நால்வரையும் தெருவில் சேர்ந்து நடக்கவிட்டு, களைத்தபின் உள்ளே கொண்டுவாருங்கள். தீனியைத் தனித்தனியாகக் கொடுங்கள். வெள்ளை நிற ராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை அடிக்கடி காணப்படுவதால், முத்துவோ தாயோ சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் அடம் என்று எண்ணிவிடாமல், கையசைத்து அழைத்துப் பாருங்கள். கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்புவதும் பெரும்பாலும் மனஅழுத்தத்தின் அடையாளங்கள்; அவற்றைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். ஒன்பது வயதுக்காரிக்குப் பத்து நிமிடமே அதிகம்.

பதில் 3:

நான் சற்று மாறுபடுகிறேன். நால்வரும் ஒரே கணத்தில் கேமராவைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். முக்காலியை அசைக்காமல், ஒளியையும் கேமராவில் வைத்த அளவுகளையும் மாற்றாமல், ஒவ்வொருவரையும் தத்தம் இடத்தில் தனித்தனியே எடுத்துப் பின்னர் இணைத்தால் யாருக்கும் வருத்தமில்லை. காதும் மூஞ்சியும் ஒப்பிடத்தான் படம் என்றால், நால்வரின் பக்கவாட்டு முகங்களையும் ஒரே திசையில் எடுப்பது நேர்முகத்தைவிடப் பலமடங்கு தெளிவாகக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பொங்கலுக்கு மறுநாள் காலையில் நடைபோய் வந்தபின் வாசலில் எடுத்தோம். முத்து எங்கள் அழைப்புக்குத் திரும்பவே இல்லை. கையசைத்ததும் உடனே பார்த்தான். இத்தனை நாள் அதை உணராமல் அவனைக் கடிந்துகொண்டதை நினைத்து மனம் வலிக்கிறது. இந்த வாரம் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். பக்கவாட்டுப் படங்கள் நான்கையும் வரிசையாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நிறத்தில் தாய்க்கு மிக விலகிய கருப்பனுக்குத்தான் அவளுடைய மூஞ்சி அப்படியே வாய்த்திருக்கிறது.