தினமும் நடந்தா சிஎஃப்எஸ் போயிடுமாம்!

வெண்ணிலா: "சிஎஃப்எஸ், அதாவது க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்ங்கிற தீராத களைப்பு நோய், வெறும் அசதி, தினமும் நடந்தா சரியாயிடும், லான்செட் மருத்துவ இதழ்லயே வந்திருக்கு"ன்னு செந்தூரன் நேத்து எழுதியிருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அவர் சொல்றது பிரிட்டன்ல 641 பேரை வச்சு, படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டுறது மாதிரி சிகிச்சைகள் உதவுமான்னு பாத்த பேஸ் ஆய்வு, 2011ல வந்தது. அதுல சேர உடல் செயல்பாட்டு மதிப்பெண் (கூடினா உடம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்) நூத்துக்கு 65 இல்ல அதுக்குக் கீழ இருக்கணும். 2013ல அதே ஆய்வைப் பத்தி வந்த அடுத்த கட்டுரையில, குணமாயிட்டாங்கன்னு சொல்ல எவ்வளவு போதும் தெரியுமா? 60! 65ல நோயாளி, 60ல குணம். பதில் சொல்லுங்க சார்.

செந்தூரன்: அரைகுறையா படிச்சுட்டு வராதீங்க. 60ஐ மட்டும் பாத்து யாரையும் குணம்னு சொல்லல. களைப்பு மதிப்பெண், நோயாளியோட சொந்த மதிப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் சொன்னாங்க.

வெண்ணிலா: ஆய்வோட முதல் திட்டத்துல குணமாக 85 வேணும்னு எழுதி வச்சதை எதுக்கு 60 ஆக்கினாங்க? 85 எங்க, 60 எங்க?

குயவன்: ரெண்டு பேரும் முதல்ல யாரை நோயாளின்னு சொல்றோம்னு பேசுங்க. பேஸ்ல எடுத்தது 1991 ஆக்ஸ்ஃபோர்டு வரையறை. ஆறு மாசமா முடக்கிப் போடுற களைப்பு முக்கிய அறிகுறியா இருந்தாலே உள்ள வரலாம். 1994 ஃபுகுடா வரையறையில களைப்போட எட்டு அறிகுறியில நாலு வேணும். உழைப்புக்கு அப்புறம் உடம்பு மோசமாகுறது அந்த எட்டுல ஒண்ணு, அவ்வளவுதான். 2015ல அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட வரையறையில அது கட்டாயம்.

வெண்ணிலா: அதை அப்புறம் பேசலாம் தோழர். அவர் 60க்குப் பதில் சொல்லட்டும்.

செந்தூரன்: டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு போதும்னு இங்க எழுதின கூட்டம் இப்ப லான்செட்டைத் திருத்துது.

வெண்ணிலா: அதை எழுதினது நானா? குயவன்!

குயவன்: நான் "போதும்"னு எங்கேயும் எழுதல. "கூடவே குடிக்கலாம்"னுதான் எழுதினேன். என்னை ஏன் இழுக்கறீங்க?

மழைச்சாரல்: எனக்கு இந்த நோய் இருக்கு. கல்யாண வீட்டுல அரை நாள் நின்னேன். மறுநாள் நல்லாத்தான் இருந்தேன். அதுக்கு அடுத்த நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியல. ஒரு டாக்டர் "நடங்க"ன்னார். நடந்தேன், படுக்கையில விழுந்தேன். படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லி 2007ல பரிந்துரைச்ச நைஸ், அதாவது பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டுதல் தர்ற அமைப்பே, 2021ல அதை நீக்கிடுச்சு அண்ணா.

செந்தூரன்: உங்க கஷ்டம் புரியுதுமா. ஆனா தனி ஒருத்தர் அனுபவம் ஆதாரம் ஆகாது.

வெண்ணிலா: இதே திமிர்தான் அன்னைக்கும். 1955ல லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில 292 ஊழியர்கள் இது மாதிரி ஒரு நோயில விழுந்தாங்க. 1970ல ரெண்டு மனநல மருத்துவர்கள் ஒரு நோயாளியைக்கூட நேர்ல பாக்காம, பழைய குறிப்பை வச்சே அது ஹிஸ்டீரியா, மனசுல வர்ற கோளாறுன்னு எழுதினாங்க. விழுந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். "புரியுதுமா"ன்னு தடவிக் குடுக்க வேணாம். 60க்கு வாங்க.

செந்தூரன்: நீங்க டாக்டரா?

வெண்ணிலா: 65 பெருசா, 60 பெருசான்னு சொல்ல டாக்டர் பட்டம் எதுக்கு? பேஸ் ஆய்வோட தரவைக் கேட்டப்ப, அதை வச்சிருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் குடுக்கல. 2016ல தீர்ப்பாயம் சொன்ன அப்புறம்தான் வெளிய வந்துச்சு. அதுக்கும் நான் டாக்டரா இருக்கணுமா?

செந்தூரன்: மரியாதையாப் பேசினா பதில் வரும். திரும்பத் திரும்ப அதே எண்ணு.

வெண்ணிலா: பதில் வர்ற வரைக்கும் முப்பது தடவை கேப்பேன்.

குயவன்: பப்பாளி விஷயத்துல என் பேரை இழுத்ததுக்கு ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணும் சொல்லல. பழைய பதிவைத் தேடி எடுத்துட்டு வரேன்.