ஒரே ஜிபிஎஸ், இரண்டு கன்டெய்னர்: வரி உடைகிறது, உதவுங்கள்

பாம்பன்_தெற்குவாடி:
வணக்கம். மாமாவின் விசைப்படகுக்கு ஒரு பெட்டி செய்கிறேன். ராஸ்பெரி பை 4, யூஎஸ்பியில் யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ். டாக்கரில் இரண்டு கன்டெய்னர் (தனித்தனி அறைபோல் பிரித்து ஓட்டும் நிரல்கள்). ஒன்று கடல் எல்லையை நெருங்கினால் பஸ்ஸர் அடிக்கும். மற்றது படகு இருக்கும் இடத்தை 4ஜி வழியாக வீட்டுக்கு அனுப்பும்.

தனித்தனியாக ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. சேர்த்து ஓட்டினால் ஆர்எம்சி வரி (ஜிபிஎஸ் அனுப்பும் இட விவர வரி) உடைகிறது. எல்லை லாகில் "0916" வரை வருகிறது, மிச்சம் ".84" அனுப்பும் கன்டெய்னரின் லாகில் கிடக்கிறது. செக்சம் (வரி சரியாக வந்ததா என்று பார்க்கும் எண்) தவறுவதால் அந்த வரி வீண். இரண்டுக்கும் பிரிவிலெஜ்ட் (முழு அனுமதி) கொடுத்தும் மாறவில்லை. அப்புறம், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஜிபிஎஸ் அணைந்து, ஏசிஎம்0 என்று இருந்த அதன் சாதனப் பெயர் ஏசிஎம்1 ஆகத் திரும்புகிறது.

ஜூன் 14 வரைதான் தடைக்காலம். கச்சத்தீவுப் பக்கம் போகிற படகு இது. அலாரம் பிசகினால் ஆளும் படகும் பிடிபடும் என்று பயமாக இருக்கிறது.

தொண்டி_அலை:
தம்பி, முதலில் பிரிவிலெஜ்ட்டை எடுத்துவிடுங்கள். அது ராஸ்பெரி பையில் உள்ள எல்லாச் சாதனங்களையும் உள்ளே திறந்து விடும். இணையத்தைத் தொடும் கன்டெய்னரில் எவனாவது நுழைந்தால் முழுப் பெட்டியும் அவன் கையில். போர்ட்டில் எழுத முடிந்தாலே போதும், யூ-பிளாக்ஸின் அமைப்பையே மாற்றிவிடலாம், அலாரம் ஊமையாகும்.

வரி உடைவதற்குக் காரணம், சீரியல் போர்ட் இரண்டு பேருக்கும் நகல் தராது. யார் முதலில் படிக்கிறார்களோ அந்த பைட் அவர்களுக்கு. அதனால் போர்ட்டுக்கு ஒரே சொந்தக்காரர் இருக்கட்டும். மூன்றாவதாக ஒரு கன்டெய்னரில் ஜிபிஎஸ்டி (ஜிபிஎஸ்ஸைப் படித்து மற்ற நிரல்களுக்குப் பகிரும் நிரல்) வையுங்கள், சாதனத்தை அதற்கு மட்டும் கொடுங்கள். மற்ற இரண்டும் அதன் 2947 நெட்வொர்க் போர்ட்டில் கேட்டு வாங்கட்டும்.

பாம்பன்_தெற்குவாடி:
அண்ணே, வைத்தேன். பக்கத்துக் கன்டெய்னரிலிருந்து 2947 எடுக்கவில்லை.

தொண்டி_அலை:
ஜிபிஎஸ்டி இயல்பாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது தன் கன்டெய்னருக்குள் மட்டும்தான் கேட்கும். பெரிய ஜி (-G) விருப்பம் சேருங்கள். அது எல்லா முகவரியிலும் திறக்கும், ஆகவே 2947ஐ வெளியே பப்ளிஷ் செய்யாதீர்கள். மூன்றுக்கும் உள் நெட்வொர்க் ஒன்று போதும். சின்ன பி (-b) விருப்பமும் போடுங்கள், ரிசீவருக்கு எதையும் எழுதாது.

ஏசிஎம்1க்கு: யூடெவ்வில் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) யூ-பிளாக்ஸின் வெண்டர் எண் 1546ஐப் பிடித்து நிலையான பெயர் கொடுங்கள். ஓடுகிற கன்டெய்னர் புதிய சாதனத்தைத் தானாகப் பார்க்காது. செருகியதும் ஜிபிஎஸ்டி கன்டெய்னரை மட்டும் மறுதொடக்கம் செய்ய வையுங்கள்.

கீழக்கரை_வயர்மேன்:
பெயர் வைப்பது சரி, ஆனால் மூலம் கரன்ட். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்ட் சரிகிறது. பெட்டிக்குத் தனிச் சிறு பேட்டரி வையுங்கள் தம்பி.

பாம்பன்_தெற்குவாடி:
தனி பேட்டரி வைத்தாயிற்று. கரையில் கட்டியபடியே பத்து முறை ஸ்டார்ட் செய்தோம், ஏசிஎம்0 மாறவில்லை. பிறகு யூஎஸ்பியைக் கையால் பிடுங்கிச் செருகினேன்; ஜிபிஎஸ்டி தானாக எழுந்து இடம் காட்டியது. அனுப்பும் கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் ஏசிஎம் என்ற சாதனமே இல்லை. இரண்டு லாகிலும் வரி முழுசாக இருக்கிறது. மிக்க நன்றி அண்ணே.